வாசலில் நிற்பது யார்?
வீட்டுக் கணினியும் அனுமதி கேட்கும் ஒழுக்கமும்

பிறர் வீட்டுக்குள் நுழையும் முன் அனுமதி கேட்க வேண்டும். வீட்டாருக்கு ஸலாம் உரைக்க வேண்டும். திரும்பிப் போகுமாறு கூறப்பட்டால் மனத்தாங்கல் இன்றித் திரும்பிவிட வேண்டும். திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் கற்பிக்கும் இந்த ஒழுக்கத்தை நம் பிள்ளைகள் மத்ரஸாவின் தொடக்க வகுப்புகளிலேயே கற்றுக்கொள்கின்றனர். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே பார்வை செல்லாதவாறு ஒதுங்கி நிற்கவும் அவர்களுக்குத் தெரியும்.

அதே பிள்ளைகள் வீட்டுக் கணினியின் முன் அமர்ந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி தோன்றி, இன்ன செயலி உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதி தருகிறீர்களா என்று கேட்கிறது. ஒரு வரியையும் படிக்காமல் விரல் 'ஆம்' என்னும் பொத்தானை அழுத்திவிடுகிறது. பிள்ளைகளை மட்டும் குறை கூறுவானேன்? பெரியவர்களாகிய நாமும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறோம்.

கணினி இன்று ஒரு விளையாட்டுப் பொருள் அன்று. வளைகுடா நாட்டில் உழைக்கும் வாப்பாவின் பாஸ்போர்ட், இகாமா நகல்கள் அதில் உள்ளன. மனைப் பத்திரத்தின் படமும், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்களும், மகளின் நிகாஹ் புகைப்படங்களும், மறைந்துபோன உம்மம்மாவின் குரல் பதிவும் அதில்தான் உள்ளன. அதனுள் இருப்பவை யாவும் குடும்பத்தின் அமானிதங்கள். ஆகவே அதன் வாசலைக் காப்பது எப்படி என்பதைக் குடும்பத்தில் ஒருவரேனும் அறிந்திருக்க வேண்டும்.

இதில் இரு வகைத் தொல்லைகள் உள்ளன. அந்நியன் எளிதாக உள்ளே வந்துவிடுவது ஒன்று. வீட்டுக்காரரே தம் கோப்பைத் திறக்க முயலும்போது, உங்களுக்கு அனுமதி இல்லை என்று கணினி மறுத்துவிடுவது மற்றொன்று. இரண்டையும் இங்கே பார்ப்போம்.

பூட்டு வந்த வரலாறு

பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தபோதுதான் இந்த அனுமதி முறை தோன்றியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1961இல் செய்து காட்டப்பட்ட பகிர்வுக் கணினி அமைப்பு, ஆளுக்கொரு கடவுச்சொல் என்னும் வழக்கத்தைத் தொடங்கி வைத்த முன்னோடிகளில் ஒன்று. பின்னர் 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ், இம்முறையை எளிமையாக வகுத்தது. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என மூன்று வகையினர்; படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று உரிமைகள். யாருக்கு எது உண்டு என்பது கோப்போடு சேர்த்தே பதிவாகிவிடும்.

1975இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இரு அறிஞர்கள் தம் ஆய்வுக் கட்டுரையில் ஒரு கோட்பாட்டை வலியுறுத்தினர். ஒரு வேலைக்கு எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவே அதற்குத் தரப்பட வேண்டும், மிகுதியாகத் தரலாகாது என்பது அதன் சாரம். இன்றைய பாதுகாப்பு ஏற்பாடுகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

ஆனால் வீட்டுக்கு வந்த கணினியில் இந்தப் பூட்டு நெடுங்காலம் இல்லை. ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் இயந்திரத்துக்குப் பூட்டு எதற்கு என்று எண்ணினர் போலும். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் எந்த நிரலும் எந்தக் கோப்பையும் தொடலாம். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில், காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சல் வழியே பரவிய தீய நிரல் ஒன்று, இணைப்பைத் திறந்தவர்களின் படக் கோப்புகளை அழித்து அவ்விடத்தில் தன் பிரதியை வைத்தது. தடுத்துக் கேட்பார் எவருமில்லை.

அலுவலகங்களுக்கென 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யில் இருந்த வலுவான அனுமதி முறை, 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வழியாக வீடுகளுக்கு வந்தது. ஆயினும் எக்ஸ்பியை நிறுவும்போது உருவாக்கப்பட்ட கணக்குகள் எல்லாம் முழு அதிகாரம் பெற்ற நிர்வாகிக் கணக்குகளாகவே அமைந்தன. பூட்டு இருந்தும் சாவி எல்லார் கையிலும் இருந்தது. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோதுதான், ஆம்–இல்லை என்று கேட்கும் அந்தப் பெட்டி முதன்முதலாக வீட்டுத் திரைகளில் தோன்றியது. எதற்கெடுத்தாலும் கேட்கிறதே என்று மக்கள் சலித்துக்கொண்டனர். 2009இல் வந்த விண்டோஸ் 7இல் கேள்விகள் குறைக்கப்பட்டன.

'நான்தான்' என்பது பதிலாகாது

ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாசலில் வந்து கதவைத் தட்டினார்கள். யார் என்று வினவப்பட்டபோது, 'நான்' என்று மட்டும் பதில் கூறினார்கள். அந்தப் பதிலை நபியவர்கள் விரும்பவில்லை என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் பதிவாகியுள்ளது. வந்திருப்பவர் இன்னார் என்று விளங்காத பதில், பதிலே அன்று.

கணினியின் அனுமதிப் பெட்டியைப் படிக்க இந்த ஒரு நிகழ்ச்சியே போதிய பாடம். அப்பெட்டியில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கேட்கும் நிரலின் பெயர். இரண்டாவது, அதை வெளியிட்டவர் பெயர். மூன்றாவது, 'மேலும் விவரம் காட்டு' என்னும் வரியை அழுத்தினால் தெரியும், அந்த நிரல் எங்கிருந்து வந்தது என்னும் தகவல். வெளியிட்டவர் பெயர் சரிபார்க்கப்பட்டதாயின் விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் பெட்டியின் மேற்பட்டை நீல நிறத்தில் இருக்கும். வெளியிட்டவர் அறியப்படாதவராயின் மஞ்சள் நிறம் காட்டும். மஞ்சள் என்றால் வாசலில் நிற்பவர் 'நான்தான்' என்று மட்டும் சொல்கிறார் என்று பொருள்.

நீல நிறத்தைத் தீர்மானிப்பது எது? நிரலை வெளியிட்ட நிறுவனம் அதில் மின்னணுக் கையொப்பம் இட்டிருக்கும். அக்கையொப்பம் அந்நிறுவனத்துடையதே என்று சான்றளிக்கும் மூன்றாவது அமைப்பு ஒன்று இருக்கும். அபூ மூஸா அல்–அஷ்அரீ (ரலி) அவர்கள் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டு, பதில் வராததால் திரும்பிச் சென்றார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது நபிவழி என்றார்கள். இதற்குச் சாட்சி கொண்டு வாரும் என்றார்கள் உமர் (ரலி). அபூ ஸயீத் அல்–குத்ரீ (ரலி) அவர்கள் வந்து சாட்சி கூறினார்கள். நேர்மையாளரான ஒரு ஸஹாபியின் சொல்லுக்கே சாட்சி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டவர்கள் நம் முன்னோர். முகம் தெரியாத நிரலுக்குச் சாட்சி கேட்பது மிகையாகுமா?

எனினும் சாட்சி சொல்வது, வந்தவர் இன்னார் என்பதை மட்டுமே. அவர் நல்லவர் என்பதை அன்று. ஆகவே எல்லாவற்றுக்கும் மேலாக நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இப்போது நான் ஏதேனும் நிரலை நிறுவ முற்பட்டேனா? ஆம் எனில், பெட்டியில் உள்ள பெயர் அதுதானா என்று பார்த்து அனுமதிக்கலாம். நாம் எதையும் செய்யாதிருக்கையில், அல்லது ஒரு கடிதத்தையோ படத்தையோ திறக்கும்போது அப்பெட்டி வந்தால், 'இல்லை' என்பதே சரியான விடை. படம் பார்ப்பதற்கு நிர்வாகியின் அதிகாரம் தேவையில்லை. தவறாக 'இல்லை' என்று சொல்லிவிட்டால் மீண்டும் முயன்று கொள்ளலாம். தவறாகச் சொன்ன 'ஆம்' அப்படியன்று.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. பள்ளியிறுதி வகுப்பு பயிலும் மகன், விலை கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டு ஒன்றை இலவசமாகத் தரும் இணையதளத்தில் இருந்து இறக்கினான். வைரஸ் தடுப்பை முதலில் நிறுத்தி வையுங்கள், பிறகு நிர்வாகியாக இயக்குங்கள் என்று அந்தப் பக்கத்திலேயே அறிவுரை இருந்தது. அவனும் அவ்வாறே செய்தான். பெட்டி மஞ்சள் நிறத்தில் கேட்டது, 'ஆம்' என்றான். மறுநாள் காலையில் எந்தப் படமும் திறக்கவில்லை. எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத ஓர் ஒட்டு. பணம் அனுப்பினால் திருப்பித் தருகிறோம் என்று ஓர் ஓலை. அக்காளின் நிகாஹ் படங்கள் அந்தக் கணினியில் மட்டுமே இருந்தன. சாச்சி ஒருவர் பென்டிரைவில் வாங்கிச் சென்றிருந்த சில படங்கள் மட்டும் மிஞ்சின.

களவு மென்பொருளில் மார்க்கச் சிக்கலும் இருக்கிறது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஆக்கியோர் உரிமை முதலியன ஷரீஅத் மதிக்கும் உரிமைகளே என்றும் அவற்றை மீறலாகாது என்றும் தீர்மானித்துள்ளது. காவலரை விலக்கிவிட்டு என்னை உள்ளே விடு என்று கேட்பவன் எத்தகையவன் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம்.

பொய்க் காவலர்கள்

இணையத்தில் உலவும்போது, உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று அலறும் எச்சரிக்கைகள் தோன்றுவதுண்டு. இவை கணினியின் எச்சரிக்கைகள் அல்ல. ஏதோ ஓர் இணையப் பக்கத்தில் வரைந்து வைக்கப்பட்ட படங்கள். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. உண்மையான அனுமதிப் பெட்டி தோன்றும்போது வழக்கமான அமைப்பில் திரை முழுவதும் மங்கிவிடும். பெட்டிக்கு விடை சொல்லும்வரை வேறு எதையும் தொட இயலாது. வேறு நிரல்கள் நம் சார்பில் 'ஆம்' அழுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

பொய் எச்சரிக்கை திரையை நிறைத்துக்கொண்டு மூட மறுத்தால், கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் ஆகிய மூன்று விசைகளை ஒருசேர அழுத்தி, 'டாஸ்க் மேனேஜர்' சென்று இணைய உலாவியை முடித்துவிடலாம். அந்த எண்ணுக்கு அழைத்து, மறுமுனையில் பேசுபவர் சொல்லும் நிரலை நிறுவி, கணினியையே அவர் கையில் ஒப்படைத்துப் பணம் இழந்தோர் உளர். அப்படி நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், இந்தியாவில் இருப்போர் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

சொந்த வீட்டில் அனுமதி மறுப்பு

இனி இரண்டாவது தொல்லை. நம் கோப்பைத் திறக்கவோ மாற்றவோ அழிக்கவோ முயலும்போது, அனுமதி மறுக்கப்பட்டது என்று கணினி சொல்கிறது. உடனே பதறிப் பூட்டை உடைக்க முற்படலாகாது. எளிய காரணங்களை முதலில் பார்க்க வேண்டும்.

அக்கோப்பு வேறொரு நிரலில் திறந்திருக்கிறதா? அதை மூடுங்கள், தெரியவில்லையெனில் கணினியை ஒரு முறை நிறுத்தித் தொடங்குங்கள். பல நேரங்களில் இதுவே போதும்.

கோப்பு, படிக்க மட்டும் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா? கோப்பின் மீது வலப்பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்' என்னும் வரியைத் தேர்ந்தால் தெரியும். இணையத்தில் இருந்தோ மின்னஞ்சலில் இருந்தோ வந்த கோப்பாயின் அங்கேயே 'அன்பிளாக்' என்னும் சிறு கட்டம் இருக்கக்கூடும். அனுப்பியவரை அறிந்திருந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள்.

சேமிக்கும் இடம் சரியானதா? விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஆகிய கோப்புறைகள் கணினியின் சொந்த அறைகள். நம் கடிதங்களை அங்கே வைக்க முயன்றால் மறுக்கத்தான் செய்யும். 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் வையுங்கள்.

பணயத் தீநிரல் தடுப்பு இயங்குகிறதா? 2017 முதல் விண்டோஸ் 10இலும் பின்னர் 11இலும் உள்ள இவ்வசதியை இயக்கி வைத்திருந்தால், அறிமுகமற்ற நிரல்கள் நம் படங்களையும் ஆவணங்களையும் மாற்ற அது விடாது. நமக்கு வேண்டிய நிரலை அது தடுத்தால், அந்த ஒரு நிரலுக்கு மட்டும் விலக்கு அளியுங்கள். தடுப்பையே நிறுத்திவிடாதீர்கள்.

இவையெல்லாம் இல்லையெனில், மிகுதியாக நேரும் காரணம் ஒன்றுண்டு. பழைய கணினி பழுதாகி, அதன் ஹார்ட் டிஸ்க்கைப் புதிய கணினியில் பொருத்தியிருப்போம். அல்லது விண்டோஸைப் புதிதாக நிறுவியிருப்போம். பழைய கணக்கின் பெயரும் புதிய கணக்கின் பெயரும் ஒன்றாகவே இருக்கும். ஆயினும் கணினி மறுக்கும். ஏனெனில் அது பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் தான் அளித்த நீண்ட அடையாள எண்ணைப் பார்க்கிறது. ஹதீஸ் கலையில் ஸுஃப்யான் என்னும் பெயரில் இரு பேரறிஞர்கள் உளர்: ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீ, ஸுஃப்யான் இப்னு உயைனா. பெயர் ஒன்றாயினும் ஆள் வேறு என்பதை அறிவிப்பாளர் வரலாறு கற்றவர் அறிவர். கணினியும் அவ்வாறே இரு 'அப்துல்லாஹ்'க்களைப் பிரித்தறிகிறது.

இதற்கான வழி: நிர்வாகிக் கணக்கில் நுழைந்து அக்கோப்புறையைத் திறக்க முயலுங்கள். நிரந்தர அனுமதி பெறத் தொடரவும் என்று கணினி கேட்டால் 'கன்டினியூ' அழுத்துங்கள். கோப்புகள் மிகுதியாயின் நேரம் பிடிக்கும்; பொறுத்திருங்கள். அதுவும் பலிக்காவிட்டால், 'ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'செக்யூரிட்டி' பக்கம் சென்று, 'அட்வான்ஸ்டு' என்பதை அழுத்தினால் மேலே உரிமையாளர் பெயர் தெரியும். அதனருகே 'சேஞ்ச்' என்பதை அழுத்தி உங்கள் கணக்கின் பெயரைத் தந்து, உள்ளிருக்கும் கோப்புகளுக்கும் இதுவே பொருந்தும் என்னும் கட்டத்தையும் தேர்ந்தெடுங்கள். உரிமையாளர் ஆன பின் அதே பக்கத்தில் உங்களுக்குத் தேவையான அனுமதியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். இதை உங்கள் சொந்தக் கோப்புறைக்கு மட்டுமே செய்ய வேண்டும். விண்டோஸ் கோப்புறைக்கோ, 'சி' டிரைவ் முழுமைக்குமோ செய்தால் கணினியே இயங்காமல் போகலாம். 'எவ்ரிஒன்' என்னும் எல்லாருக்கும் முழு அதிகாரம் தருவது, கதவைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும். தடை என்னும் 'டினை' கட்டத்தைத் தேவையின்றித் தொடாதீர்கள். ஒரே கோப்புக்கு நேராக அனுமதியும் தடையும் தரப்பட்டிருந்தால் தடையே வெல்லும்.

இன்னொரு சிறு செய்தி. ஒரே டிரைவுக்குள் ஒரு கோப்பை வேறு கோப்புறைக்கு நகர்த்தினால் பழைய அனுமதிகளும் பெரும்பாலும் கூடவே செல்லும். நகல் எடுத்து ஒட்டினால் புதிய கோப்புறையின் அனுமதிகளை ஏற்றுக்கொள்ளும். வாப்பா பொதுக் கோப்புறைக்கு நகர்த்திய படம் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லையெனில் காரணம் இதுவாக இருக்கலாம். நகல் எடுத்து வைத்தால் சரியாகிவிடும்.

பூட்டு எதைக் காக்காது?

அனுமதி முறையின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். அது அந்த விண்டோஸ் இயங்கிக் கொண்டிருக்கும்போது மட்டுமே காவல் நிற்கிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் பொருத்துபவர், நாம் மேலே கூறிய அதே வழியில் எல்லாவற்றையும் திறந்துவிடலாம். பழுது பார்க்கக் கடையில் விட்டுவரும் கணினியில் நம் வீட்டுப் பெண்களின் படங்கள் இருப்பதை எண்ணிப் பாருங்கள். அனுமதி கேட்டல் விதியாக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே குடும்பப் படங்களை வெளி டிஸ்க்கில் வைத்துக்கொள்வதும், இயன்றால் எதிரில் இருந்தே பழுது பார்க்கச் செய்வதும் நலம்.

டிஸ்க் முழுவதையும் மறைகுறியாக்கி வைப்பது இதற்கு உறுதியான தீர்வு. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில், மைக்ரோசாப்ட் கணக்கின் வழியே நுழையும்போது இது தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. அவ்வாறாயின் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி அக்கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அச்சாவி தொலைந்தால், உரிமையாளரை மாற்றும் வித்தை எதுவும் பயன்படாது.

மற்றோர் உண்மையும் உண்டு. நம் படங்களை மாற்ற நமக்கு அனுமதி இருப்பதால், நம் கணக்கில் இயங்கும் தீய நிரலுக்கும் அந்த அனுமதி உண்டு. அது எந்தப் பெட்டியையும் காட்டாமலே அவற்றைக் கெடுக்க இயலும். 2017 மே மாதத்தில் உலகை உலுக்கிய வான்னாக்ரை, யாரிடமும் அனுமதி கேட்காமல் வலையமைப்பின் ஓட்டை வழியே பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. அதை நிறுவாதவர்களே பெரிதும் பாதிக்கப்பட்டனர். ஆகவே திருத்தங்களைத் தள்ளிப் போடலாகாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் கொள்க.

குடும்பத்திற்கு ஓர் ஏற்பாடு

பருவம் எய்தாத பிள்ளைகளும் மூன்று நேரங்களில் அனுமதி பெற்றே பெற்றோரின் அறைக்குள் வர வேண்டும். பருவம் எய்திய பின் எந்நேரமும் அனுமதி கேட்க வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் வகுத்துள்ளது. ஒரே கூரையின் கீழும் அவரவர்க்கு ஓர் எல்லை உண்டு என்பதை இது காட்டுகிறது. கணினியிலும் அவ்வாறே செய்வோம்.

'செட்டிங்ஸ்' பகுதியில் 'அக்கவுன்ட்ஸ்' சென்று ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உருவாக்குங்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கான கணக்குகள் எல்லாம், பெரியவர்களுடையதும் உட்பட, 'ஸ்டாண்டர்டு' வகையாக இருக்கட்டும். நிர்வாகிக் கணக்கு ஒன்றைத் தனியே வைத்து, அதன் கடவுச்சொல்லைப் பெற்றோர் இருவரும் அறிந்திருங்கள். வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் உம்மாவுக்கு அது தெரியாமல் இருப்பது பெரிய இடர். இவ்வாறு செய்தால் பிள்ளை ஒரு நிரலை நிறுவ முயலும்போது கணினி வெறும் 'ஆம்' கேட்காது. நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். பிள்ளை எழுந்து வந்து பெற்றோரிடம் கேட்டாக வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் பல தீங்குகள் விலகிவிடும்.

முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் மாதம் ஒரு முறை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். கணினியோடு இணைத்தே வைத்திருந்தால், கணினிக்கு வரும் கேடு அதற்கும் வரும்.

இவற்றைச் செய்ய ஒரு வெள்ளிக்கிழமை மாலை போதும். பிள்ளைகளை உடன் அமர்த்தி, காரணம் சொல்லிச் செய்யுங்கள். கதவைத் தட்டுபவர் யார் என்று கேட்கப் பழகிய பிள்ளைகளுக்கு, திரையில் வரும் பெட்டியிடமும் அதையே கேட்பது இன்ஷா அல்லாஹ் விரைவில் பழகிவிடும்.